டிரம்மும் உழக்கும்: ஓய்வுக்காலப் பணம் எப்படி இயங்குகிறது?

ஒரு வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. அதில் பெரும்பகுதி அந்த மாதமே பொங்கித் தின்றாகிறது. மிச்சம் டிரம்மில் விழுகிறது. முப்பது வருஷம் இப்படியே ஓடுகிறது. பிறகு 58 வயதிலோ 60 வயதிலோ மூட்டை வருவது நின்றுவிடுகிறது. பசி நிற்பதில்லை. அன்றிலிருந்து டிரம்மைத் திறந்து, உழக்கால் அளந்து எடுத்துத்தான் உலை வைக்க வேண்டும். அது எத்தனை வருஷத்துக்கு என்பது யாருக்கும் தெரியாது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் டிரம்மைப் பற்றித்தான் கேட்பார்கள். “ஒரு கோடி இருந்தா போதுமா சார்?” என்பார்கள். போதுமா போதாதா என்பதை டிரம்மை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தினம் எத்தனை உழக்கு எடுக்கிறீர்கள், அந்த எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். உழக்குதான் முதல் கணக்கு என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் டிரம் எப்படி நிறைகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேயே நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள்.

அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி வேறு பானையில் போட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் இதைத்தான் ஊர்ப் பொதுக் காரியத்துக்குக் கொண்டுபோனது. இதில் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. முதலில் எடுத்து வைத்துவிட்டு, இருப்பதைச் சமைக்க வேண்டும். சமைத்து மிஞ்சினால் வைக்கலாம் என்று இருந்த வீட்டில் எதுவும் மிஞ்சியதில்லை. பி.எஃப். பிடித்தம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடி அள்ளப்பட்டுவிடுகிறது.

உங்கள் பி.எஃப். பாஸ்புக்கை இறக்கி ஒரு மாதத்து வரியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று தொகைகள் இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் என்றும், அந்த முழுத் தொகைக்கும் பிடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12%, அதாவது 2,400 ரூபாய். நிறுவனமும் 2,400 ரூபாய் கட்டுகிறது. ஆனால் நிறுவனப் பங்கு என்ற இடத்தில் 1,150 ரூபாய்தான் இருக்கும். மீதி 1,250 பென்ஷன் பத்தியில் இருக்கும். 8.33% பென்ஷனுக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 15,000க்கு 8.33% என்றால் 1,250.

முதல் இரண்டு பத்திகளுக்கு வருஷா வருஷம் வட்டி ஏறும். 2024-25க்கு 8.25%. மூன்றாவது பத்தியில் வட்டி ஏறவே ஏறாது. “பென்ஷன் பணத்துக்கு வட்டியே போடலையே” என்று பதறுகிறவர்கள் ஏராளம். தவறு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பணம் உங்கள் டிரம்முக்குப் போகவில்லை. ஊர்க் கூட்டுச் சமையலின் அண்டாவுக்குப் போகிறது. அதில் யார் எவ்வளவு அரிசி போட்டார் என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பதில்லை. கடைசியில் பந்தியில் எவ்வளவு பரிமாறுவது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000க்கு மேல் போகாமல் எடுத்துக்கொண்டு, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் கணக்கில் 14 ஆண்டு வேலை பார்த்தவருக்கு மாதம் 3,000 ரூபாய். 35 ஆண்டு பார்த்தவருக்கு 7,500.

இந்தப் பந்தியில் உட்கார குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். முழு பென்ஷன் 58 வயதில் தொடங்கும். 50க்குப் பிறகு முன்கூட்டியே கேட்டால் தருவார்கள், ஆனால் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4% வெட்டுவார்கள், அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். இதில் பஞ்சப்படி கிடையாது. 58 வயதில் வந்த 3,000தான் 78 வயதிலும் வரும். வேலை மாறும்போது, பத்து ஆண்டு ஆவதற்குள் இந்தப் பணத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதுவரை பார்த்த வருஷங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும், அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உடைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் வாங்கவும் மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கவும் பி.எஃப்.பில் கை வைப்பதும் இதே ரகம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய அரிசிதான் உபரி காணும். புது அரிசி குழைந்துபோகும். வருஷம் கடந்த அரிசி அதே உழக்குக்குக் கூடுதலாகச் சோறாகும். பணமும் கிடந்தால்தான் உபரி காணும். 30 வயதிலிருந்து 60 வரை மாதம் 5,000 ரூபாய் போட்டு, ஆண்டுக்கு 8% வளர்ச்சி கிடைத்தால், போட்டது 18 லட்சம், கிடைப்பது ஏறத்தாழ 74.5 லட்சம். அதே 5,000த்தை 40 வயதில் தொடங்கினால் போட்டது 12 லட்சம், கிடைப்பது 29.5 லட்சம்தான். முதல் பத்து வருஷத்தில் போட்ட 6 லட்சம் ரூபாய்தான் 45 லட்சம் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

பி.எஃப். இல்லாதவர்களுக்கும், தையல் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும், இதே கணக்குதான் பொருந்தும். 2015இல் தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில் 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். 40க்கு மேல் சேர முடியாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் 2022 அக்டோபரிலிருந்து இடமில்லை. சேரத் தகுதியுள்ள 25 வயதுப் பிள்ளை உங்கள் வீட்டிலோ கடையிலோ இருந்தால் வங்கிக்குக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

இனி உழக்குக்கு வருவோம்.

மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டால் மளிகை, பால், காஸ், மாத்திரை, செல்போன் ரீசார்ஜ் என்று விரல்விட்டு எண்ணிச் சட்டென்று ஒரு தொகை சொல்வார்கள். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. தீபாவளியும் பொங்கலும் வருஷத்துக்கு ஒருமுறை. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருங்கினால் மொய் வரிசையாக நிற்கும். சம்பளம் நின்றுவிட்டது என்று யாரும் பத்திரிகை வைக்காமல் போவதில்லை, நமக்கு வைத்த மொய்யைத் திருப்பி வைக்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதச் செலவையும் எழுதிக் கூட்டி, அதைத்தான் உழக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாசத்தை வைத்து வருஷத்தைப் பெருக்கினால் மொய் விட்டுப்போகும்.

இப்போது ஒரு கணக்கு. கோவையில் ஒரு ஃபவுண்டரி மேற்பார்வையாளர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்ந்து 50 லட்சம். வீடு சொந்தம். செலவு மாதம் 25,000, ஆண்டுக்கு 3 லட்சம். பணத்துக்கு 7% வருகிறது. வட்டியே ஆண்டுக்கு 3.5 லட்சம் ஆகிறதே, செலவு போக அரை லட்சம் மிஞ்சுகிறதே, முதலைத் தொடவே வேண்டாமே என்று தோன்றும். பலர் இந்தக் கணக்கோடு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

விலைவாசியைச் சேருங்கள். ஆண்டுக்கு 6% ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். அதே இட்லி, அதே சாம்பார், அதே பிரஷர் மாத்திரை, ஆனால் 72 வயதில் மாதம் 50,000 வேண்டும். முதல் வருஷத்தில் மிஞ்சிய அரை லட்சம் சில ஆண்டுகளில் காணாமல் போகும். பிறகு முதலில் கை வைக்க வேண்டியிருக்கும். முதல் குறைந்தால் வட்டியும் குறையும். இப்படிப் போட்டுப் பார்த்தால் 50 லட்சமும் 18 வருஷத்தில், அதாவது அவருடைய 78 வயதில் தீர்ந்துவிடும். மனைவி ஐந்து வயது இளையவர் என்றால் அப்போது அவருக்கு 73.

இதே கணக்கில் இரண்டு மாற்றங்களைச் செய்து பாருங்கள். 7% வட்டியை 8% ஆக்கினால் டிரம் 20 வருஷத்தைக்கூட எட்டாது, இரண்டு வருஷத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. வட்டியை 7%லேயே விட்டுவிட்டு, தொடக்கச் செலவை 25,000லிருந்து 20,000 ஆக்கினால் 23 வருஷம் வருகிறது. ஐந்து வருஷம் கூடுதல்! ஒரு சதவீத வட்டிக்காக ஊர் பேர் தெரியாத இடத்தில் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வுப் பணம் கைக்கு வந்த வாரத்தில்தான் “மாசம் பத்து பர்சென்ட்” ஆசாமிகள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். மோசடி நிதி நிறுவனங்களின் சொத்தை முடக்கி முதலீட்டாளர்களுக்குத் தர 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் பணம் திரும்பி வருவதற்குள் வயது போய்விடும். வங்கியிலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு, எனவே பெரிய தொகையை ஒரே சிறிய வங்கியில் குவிக்க வேண்டாம்.

சரி, 50 லட்சத்தையும் ஒரே டிரம்மில் கொட்டி வைக்கலாமா? சமையலறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பா, பக்கத்து அறையில் டிரம், பரணில் பழைய அரிசி மூட்டை என்று மூன்று இடத்தில் இருக்கும். ஓய்வுப் பணமும் அப்படித்தான் உட்கார வேண்டும்.

அடுப்படி டப்பாவில் ஒரு வருஷச் செலவு, நம் கணக்கில் 3 லட்சம், சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால டெபாசிட்டிலுமாக. வட்டி குறைவு என்று கவலைப்பட வேண்டாம், நினைத்த நேரத்தில் கையில் கிடைப்பதுதான் இதன் வேலை.

டிரம்முக்கு நம் நாட்டில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதானவர்கள் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரல் வரை இந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவித்தாலும், நீங்கள் கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த வட்டி ஐந்து வருஷத்துக்கும் மாறாது. 8.2%இல் 30 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் விழும், மாதத்துக்கு 20,500 ஆகிறது. தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். டப்பா காலியாகக் காலியாக இந்த டிரம் அதை நிரப்பும்.

ஆனால் டிரம்மில் உள்ள அரிசி விலைவாசியோடு ஓடாது. அந்த 20,500 ஐந்து வருஷமும் 20,500தான். அதற்காகத்தான் பரண். எட்டு பத்து வருஷம் தொட வேண்டியிராத பணம், நம் கணக்கில் ஒரு 12 லட்சம், பங்குச்சந்தைக் குறியீட்டு ஃபண்டில் கிடக்கலாம். பங்கு என்றதும் வயதானவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2008 ஜனவரியில் 20,000ஐத் தாண்டி நின்ற சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்கும் கீழே விழுந்தது. பழைய உயரத்தை மறுபடி எட்டிப் பிடிக்க 2010 இறுதி ஆயிற்று. அந்த நேரத்தில் டப்பாவும் டிரம்மும் நிறைந்திருந்தவர் பரணை அண்ணாந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. முழுப் பணத்தையும் பரணில் வைத்திருந்தவர், அடுத்த மாத மளிகைக்காகப் பாதி விலைக்கு விற்றிருப்பார். விற்றது திரும்பி ஏறாது. ஓய்வுபெற்ற முதல் சில வருஷங்களில் இப்படி ஒரு வீழ்ச்சி வந்தால்தான் மிகப் பெரிய சேதம், ஏனென்றால் மூட்டை வருவது நின்ற நேரத்தில் குறைந்ததை நிரப்ப வழியில்லை. சந்தை நன்றாக இருக்கும் வருஷத்தில் பரணிலிருந்து கொஞ்சம் இறக்கி டிரம்மை நிரப்புங்கள். மோசமான வருஷத்தில் ஏணியை எடுக்காதீர்கள்.

ஆன்யூட்டி என்பது மறுபடி கூட்டுச் சமையலுக்குப் போவது. கையிலுள்ள மூட்டையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், ஆயுள் உள்ளவரை இவ்வளவு என்று பரிமாறுவார்கள். சீக்கிரம் எழுந்து போகிறவர்களின் பங்குதான் தொண்ணூறு வயது வரை பந்தியில் இருப்பவர்களுக்குப் போகிறது. அதனால்தான் தனி ஒருவரின் டிரம் தர முடியாத உறுதியை இது தருகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பகுதியை இப்படி மாற்றித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது, எனக்குப் பிறகு என் மனைவிக்கு இது தொடருமா என்பது. தொடரும் வகையில் மாதத் தொகை கொஞ்சம் குறையும். குறைந்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்வேன். கணவர் பெயரில் மட்டும் பென்ஷன் எழுதி, அவர் போன மாதமே அடுப்பு அணைந்த வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

திடீர் விருந்தாளிக்கென்று தனியாக ஒரு டப்பா வேண்டும். ஆஸ்பத்திரி அப்படிப்பட்ட விருந்தாளி, சொல்லிவிட்டு வராது. நம் கணக்கில் மீதமிருக்கும் 5 லட்சம் அதற்கு. இதோடு காப்பீடும் வேண்டும். நிறுவனம் தந்த குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். 60 வயதில், சர்க்கரையும் பிரஷரும் வந்தபின், புதிதாக எடுத்தால் பிரீமியமும் அதிகம், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கவும் வைக்கலாம். 50 வயதிலேயே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து உண்டு.

கடைசியாகக் கொத்துச்சாவி. டிரம் யார் பெயரில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது வயதான காலத்தில் வட்டி விகிதத்தைவிடப் பெரிய விஷயம். பாசத்தில் வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் ஒரு மூலை அறைக்காகக் கெஞ்சுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. எனவே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நல்ல பிள்ளைகள் தவறாக நினைக்க மாட்டார்கள். அதைவிட நல்லது, உயில் எழுதி வைத்துவிட்டு, சாவியைக் கடைசிவரை கையிலேயே வைத்திருப்பது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்து இ-நாமினேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். பலருடைய கணக்கில் அது காலியாகவே கிடக்கிறது. ஆதார் எண்ணும் மனைவி, பிள்ளைகளின் புகைப்படமும் கையில் இருந்தால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முடித்ததும் எந்தக் கணக்கு எந்த வங்கியில், எந்த பாலிசி எந்த ஃபைலில் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் காட்டி, எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.